முழங்காலுக்கு மேலே: கோத்தகிரிச் சரிவில் ஸ்மார்ட்கேன்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பார்வையில்லாமல் வெள்ளைத்தடி பிடித்து நடந்து பழகியவர் என்றால், எதிரே உள்ள தடையை அதிர்வால் சொல்லும் ஸ்மார்ட்கேனைத் தாராளமாக வாங்கலாம். இதுவரை தடியே தொடாமல் யார் தோளையாவது பிடித்துக்கொண்டு போய்வந்தவர் என்றால் இப்போதைக்கு வேண்டாம். சாதாரணத் தடியில் ஆறு மாதம் நடந்துவிட்டு வாருங்கள். மலையில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தடியைப் பற்றி நான் படித்ததும் கேட்டதும் எல்லாம் சமவெளிக்காரர்கள் சொன்னவை. அவர்களுக்கு ரோடு என்றால் நேராக ஓடுவது. எங்களுக்கு ரோடு என்றால் ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

கோத்தகிரிக்குச் சற்றுத் தள்ளி ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, டீக்கடைக்காரருக்கும் பஸ் கண்டக்டருக்கும்கூட நான் ‘தமிழம்மா’தான். அப்பாவும் அம்மாவும் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் பிறந்தது இங்கே லைன் வீட்டில். சின்ன வயதில் மாலைக்கண் என்றார்கள், பிறகு விழித்திரை நோய் என்றார்கள். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் மிஞ்சியது. திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தபோது தடி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அது நல்ல வெயில் ஊர், நல்ல சமதளம். கற்றதையெல்லாம் மலைக்கு வந்து மறுபடி கற்க வேண்டியிருந்தது வேறு கதை.

என் வழியைச் சொன்னால்தான் தடியைப் பற்றிச் சொல்வது புரியும். வாசலை விட்டு இறங்கினால் தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலைச் செடி. அது முடிந்ததும் கருங்கல் படிக்கட்டு, ஒரு படியின் உயரம் அடுத்த படிக்கு இருக்காது. அப்புறம் சிமெண்ட் போட்ட இறக்கம், குறுக்கே மழைத்தண்ணீர் ஓட வெட்டிவிட்ட வாய்க்கால். கடைசியில் தார் ரோடு. அங்கே பச்சை இலை எடை போடும் கொட்டகை, அதை ஒட்டி பஸ் நிற்கும் இடம். இந்த வழியில் என் தடியின் நுனிக்குத் தெரியாத கல் கிடையாது. தரை எனக்கு ஒரு தொந்தரவே இல்லை.

தொந்தரவெல்லாம் மேலே. வெள்ளைத்தடி தரையைத்தான் படிக்கும். குழி, படி, கல், படுத்திருக்கும் நாய், எல்லாம் சொல்லும். ஆனால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை அது எப்படிச் சொல்லும்? காற்றில் முறிந்து தொங்கும் சில்வர் ஓக் கிளை, ரோட்டோரக் கடையின் தகரக் கூரை விளிம்பு, ஒதுங்கி நிற்கும் லாரியின் கண்ணாடி, யாரோ புதிதாகக் கட்டிய கொடிக்கயிறு. தடி அடியில் புகுந்து போய்விடும், நம் முகம்தான் போய் மோதும். எங்கள் ஆட்களில் ரொம்பப் பேருக்கு நெற்றியிலோ புருவத்திலோ ஒரு தழும்பு இருக்கும். கேட்டால் சிரித்துக்கொண்டு தேதியோடு சொல்வார்கள்.

ஸ்மார்ட்கேன் இந்த ஓர் இடைவெளிக்கென்றே செய்யப்பட்டது. டெல்லி ஐஐடியில் கணினிப் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனின் வழிகாட்டுதலில், அசிஸ்டெக் என்ற ஆய்வுக்கூடத்தில் உருவானது. தொடக்கத்தில் அது மாணவர்கள் எடுத்துக்கொண்ட ஒரு செயல்திட்டம்தான். இந்த மாதிரிச் செயல்திட்டங்கள் மதிப்பெண் வந்ததும் அலமாரிக்குள் போய்விடுவது வழக்கம். இது போகவில்லை. பார்வையற்றவரான தீபேந்திர மனோச்சா இருக்கும் சக்ஷம் என்ற அமைப்பு கூடவே நின்றது. வெல்கம் டிரஸ்ட் பணம் கொடுத்தது. தயாரிக்க முன்வந்தது சென்னையிலுள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். 2014ல் விற்பனைக்கு வந்தபோது விலை சுமார் 3000 ரூபாய். இதே வேலையைச் செய்யும் அல்ட்ராகேன் என்ற பிரிட்டிஷ் தடிக்குப் பல நூறு பவுண்டு கொடுக்க வேண்டும். என் மாதிரிச் சம்பளக்காரிக்கே அது எட்டாது, ஊதுபத்தி விற்கும் என் விடுதித் தோழிக்கு எங்கே எட்டும்?

பொருள் எப்படி இருக்கும் என்றால், முழுத் தடியும் புதிது கிடையாது. நாம் வைத்திருக்கும் மடக்குத் தடியின் மேல் பகுதியில் மாட்டிக்கொள்ளும் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அதற்குள் ஒலி அனுப்பும் பாகம், எதிரொலி வாங்கும் பாகம், அதிரும் மோட்டார், சார்ஜ் ஏற்றும் பேட்டரி. காதுக்குக் கேட்காத ஒலியை முன்னால் அனுப்புகிறது. அது எதிலாவது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத் தூரம் கணக்கிடுகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதால், மூன்று மீட்டர் போய்த் திரும்ப நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, “வௌவால் மாதிரியாம்மா?” என்றான். அதேதான்டா என்றேன். அன்றிலிருந்து அந்த வகுப்பில் எனக்கு என்ன பட்டப்பெயர் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

இரண்டு நிலை இருக்கிறது. வீட்டுக்குள், நெரிசலில் பயன்படுத்த 1.8 மீட்டர். வெளியில் நடக்க 3 மீட்டர். ஏதாவது தட்டுப்பட்டால் கைப்பிடி அதிரும், நெருங்க நெருங்க அதிர்வின் தாளம் மாறும். பேசாது. கூவாது. அதிர்வது மட்டும்தான்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சமவெளிக் கல்லூரி ஒன்றிலிருந்து பொறியியல் மாணவர்கள் சிலர் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார்கள். இறுதியாண்டு புராஜெக்ட். ‘பார்வையற்றோருக்கான நவீன ஊன்றுகோல்’. பிவிசி பைப்பில் சென்சாரை ஒட்டி, பீப் பீப் என்று கத்தும் பஸ்ஸரை மாட்டியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையும் அல்ட்ராசோனிக் சென்சாரும் கடையில் கிடைக்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்தத் தடியைச் செய்யாத கல்லூரி தமிழ்நாட்டில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். பிடித்து நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்தேன். ரோட்டுக்கு வந்ததும் அணைத்துவிட்டேன்.

“ஏன் மேடம், சரியா வேலை செய்யலையா?”

“வேலை செய்யுது தம்பி. ஆனா அது கத்துறப்ப எனக்குப் பஸ் வர்றது கேக்கல.”

அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கண் இருப்பவருக்குக் காது சும்மா இருக்கிறது, அதில் ஏதாவது ஊற்றலாம் என்று தோன்றும். எங்களுக்கு வளைவில் வரும் ஜீப், எதிரில் வருபவரின் செருப்பு, சுவர் முடிந்து வெட்டவெளி தொடங்கும்போது காற்று மாறுவது, ஓடை எந்தப் பக்கம் என்பது, எல்லாம் காது வழியாகத்தான் வருகிறது. ஏற்கனவே கூட்டம் நெரியும் இடம் அது. டெல்லிக்காரர்கள் காதை விட்டுவிட்டு உள்ளங்கையைத் தேர்ந்தெடுத்தார்களே, அங்கேயே எனக்கு இந்தத் தடியின்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. பார்வையற்றவர்களைக் கூடவே நடக்கவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது தோன்றும்.

இன்னொன்றையும் சரியாகச் செய்திருக்கிறார்கள். தரையை அவர்கள் தொடவே இல்லை. சென்சார் முழங்காலுக்கு மேலிருந்து தலை வரைக்கும் உள்ளதைப் பார்த்துக்கொள்கிறது. கீழே உள்ளதெல்லாம் தடி நுனியின் பொறுப்பு. இரண்டாம் உலகப்போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக அமெரிக்காவில் ரிச்சர்டு ஹூவர் நீளத் தடியை வைத்து ஒரு நடைமுறை வகுத்தார். இடது கால் எடுத்து வைக்கும்போது தடி வலது பக்கம் தட்டும், வலது காலுக்கு இடது பக்கம். திருச்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பேட்டரி இல்லாத, ரிப்பேர் ஆகாத அந்த முறையை மாற்றப் பார்க்காமல் அதன் தலையில் உட்கார்ந்துகொள்கிறது ஸ்மார்ட்கேன். ஐப்பசி மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை என்றால் கைப்பிடி செத்துவிடும். தடி சாகாது, நான் பள்ளிக்குப் போய்விடுவேன்.

இனி மலைக்கு வருவோம்.

இலை எடை போடும் கொட்டகையைச் சொன்னேன் அல்லவா? காலையில் சிறு விவசாயிகள் இலையை மூட்டையாகக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள், ஃபேக்டரி பிக்அப் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஏற்றும்போது பின்கதவை இறக்கிவிட்டிருப்பார்கள். சங்கிலியில் தொங்கி, நீட்டிக்கொண்டு, சரியாக என் வயிற்று உயரத்துக்கு நிற்கும். வண்டி நிற்பதும் தினம் ஒரே இடத்தில் இல்லை. ஒரு நாள் கொட்டகைக்கு முன்னால், ஒரு நாள் வளைவிலேயே. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும். அணைத்துவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தால்? பழைய தடியோடு நான் அந்தக் கதவில் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. டிரைவர் ஓடிவந்து “பாத்து வரக்கூடாதா தமிழம்மா” என்பார், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

ஸ்மார்ட்கேனோடு அதே இடம். தடியின் நுனி கதவுக்கு அடியில் புகுந்து போகிறது, நுனிக்கு வெறும் தார் ரோடுதான். ஆனால் அதற்கு முன்பே கைப்பிடி மெதுவாகத் துடிக்க ஆரம்பித்துவிட்டது. ஓரடி வைத்தேன், துடிப்பு நெருக்கமானது. கையை இடப்பக்கம் திருப்பினால் துடிப்பு நிற்கிறது, வலப்பக்கம் திருப்பினால் திரும்ப வருகிறது. ஆக வண்டி வலப்பக்கம், போக வழி இடப்பக்கம். நின்று, இடது கையை நீட்டாமல், யாரையும் கூப்பிடாமல், சுற்றிப் போய்விட்டேன். போகிற போக்கில் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். கதவேதான், ஈர இலை ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஒரு கதவுக்காகவே கொடுத்த காசு தகும்.

தகரக் கூரை, லாரி கண்ணாடி, கடை முன்னால் தொங்கும் வாழைத்தார் எல்லாம் இந்தக் கணக்கில்தான். மெல்லிசான சமாச்சாரங்களில் அவ்வளவு கெட்டி இல்லை. கொடிக்கயிறு வெறுமனே கிடந்தால் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். துணி காயப்போட்டிருந்தால் சொல்லும். கம்பளி போர்த்திக்கொண்டு அசையாமல் நிற்பவர்களைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பளி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊரிலோ மார்கழியில் கம்பளி போர்த்தாத ஆளே கிடையாது.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் பாதையில் 3 மீட்டர் நிலையை வைத்தால் ஓயாமல் அதிரும். பாதை இரண்டடி அகலம், இரண்டு பக்கமும் செடி, அதற்கு என்ன தெரியும்? 1.8க்கு மாற்றி, தடியை உடம்போடு ஒட்டி நேராகப் பிடித்தால் அடங்குகிறது. படிக்கட்டு ஏறும்போதும் அப்படித்தான். மேலே இருக்கும் படியே அதற்கு எதிரில் நிற்கும் சுவர். ஏற ஏற ‘இருக்கு இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே வரும். செங்குத்தான ஏற்றத்திலும் கைப்பிடியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ரோட்டையே தடையாகச் சொல்லும். பழகப் பழக எந்த அதிர்வு உண்மை, எது மேடு என்று கைக்குப் பிடிபட்டுவிடுகிறது. சமவெளிக்காரர் ஒருவர் இங்கே விருந்துக்கு வந்து இந்தத் தடியோடு நடந்தால் முதல் நாள் குழம்பித்தான் போவார்.

இறக்கம்தான் விஷயம். இந்தக் கருவி கீழே பார்க்காது. பள்ளத்தைச் சொல்லாது. தடுப்புச்சுவர் இல்லாத ரோட்டின் ஓரத்தில், ஒரு பக்கம் அம்பதடி சரிவு இருக்கும் இடத்தில், கைப்பிடி அமைதியாக இருக்கும். எதிரே ஒன்றும் இல்லை அல்லவா, அதன் கணக்கில் அங்கே எல்லாம் சரி. இதைக் கருவியின் குறை என்று நான் சொல்ல மாட்டேன், செய்தவர்களே எதற்காகச் செய்தோம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ‘ஸ்மார்ட்’ என்ற பெயரைக் கேட்டுவிட்டு, தடியைத் தட்டாமல் காற்றில் நீட்டிக்கொண்டு நடக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அதாவது கேட்டிருக்கிறேன். தட்டும் சத்தமே வராது. சமவெளியில் அப்படி நடந்தால் கால் சுளுக்கும். இங்கே என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கைப்பிடி அமைதியாக இருந்தால் முன்னால் போக வழி இருக்கிறது என்று அர்த்தமில்லை, முட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். மலையில் இந்த இரண்டுக்கும் நடுவே உயிர் தொங்குகிறது. தடியின் நுனி அடுத்த கால் விழும் இடத்தைத் தொடாமல் காலை எடுக்காதீர்கள். தோட்டத்தில் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான், கவாத்துக் குச்சியை ஊன்றிக்கொண்டு.

குளிரைச் சொல்லாமல் விட முடியாது. அதிர்வு உள்ளங்கைக்கும் விரலுக்கும் தெரிந்தால்தானே? தை மாதக் காலை ஏழு மணிக்கு விரல்கள் மரத்துப்போய்விடுகின்றன. தூரத்தில் உள்ளதைச் சொல்லும் மெதுவான துடிப்பு தெரிவதே இல்லை, கிட்டே வந்த பிறகுதான் உறைக்கிறது. கம்பளிக் கையுறை போட்டால் அதுவும் போச்சு. கடைசியில் பழைய கையுறை ஒன்றில் ஆள்காட்டி விரலின் நுனியையும் உள்ளங்கையில் ஒரு வட்டத்தையும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டேன். பார்ப்பவர்கள் கிழிந்த கையுறை என்று நினைத்து, பள்ளி ஆண்டு விழாவில் புதுசு ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். அதையும் வெட்டிவிட்டேன். டெல்லியிலும் குளிர் உண்டு, அங்கே இதற்கு என்ன செய்கிறார்கள் என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

மழை. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஒரு கையில் தடி, ஒரு கையில் குடை, தோளில் விடைத்தாள் பை. குடையை நேராகப் பிடித்தால் தடிக்கு ஆட்சேபம் இல்லை. சாரல் முகத்தில் அடிக்கிறதே என்று முன்னால் சாய்த்தால், குடை விளிம்பு சென்சாரின் பார்வைக்குள் வந்து கைப்பிடி வெறிபிடித்த மாதிரி அதிரும். நான் இப்போது மழைக்கோட்டுக்கு மாறிவிட்டேன். கோட்டின் தொப்பி காதை மூடாமல் பின்னால் தள்ளிவிட்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. அழகில்லைதான், ஆனால் காது திறந்திருக்கிறது. பனி மூடினால் எனக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. சொல்லப்போனால் வசதி. வண்டிக்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார்கள். இந்தச் சத்தமில்லாத பேட்டரி ஸ்கூட்டர்கள் வந்த பிறகு அந்த ஹாரன் எனக்கு இன்னும் தேவைப்படுகிறது.

காட்டுமாடு பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். “உங்க தடி மாட்டைச் சொல்லுமா?” சொல்லும். மூன்று மீட்டரில் சொல்லும். மூன்று மீட்டரில் காட்டுமாட்டைச் சொல்லி என்ன புண்ணியம்? ஒரு சாயங்காலம் படிக்கட்டுக்கு மேலே வந்ததும் சாணி வாடையும் பெருமூச்சும் ஒன்றாக வந்தன. கைப்பிடிக்கு ஒன்றும் தெரியவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். கீழே கடைக்காரர் குரல் கொடுத்தார், “தமிழம்மா, அசையாதீங்க, அது இலைக்குள்ள எறங்கட்டும்.” செடிகள் உரசும் சத்தம் கேட்டது, தூரமாகப் போனது, பிறகு நடந்தேன். மாட்டுக்கும் கரடிக்கும் மூக்கும் காதும் கடைக்காரரும்தான் சாதனம். எந்தப் பேராசிரியரையும் இதில் குறை சொல்ல மாட்டேன்.

சந்தை நாளில் கைப்பிடியை அணைத்துவிடுங்கள். எல்லாப் பக்கமும் ஆள், எல்லா நேரமும் அதிர்வு, ஒரு தகவலும் இல்லை. மணிக்கட்டும் வலிக்கும். வெறும் தடியைவிடக் கைப்பிடி கனமானது, பழைய தடிக்குப் பழகிய கைக்கு முதலில் தெரியும்.

பஸ் நிலையத்தில் இந்தத் தடியால் ஆகக்கூடியது அதிகமில்லை, தூணில் முட்டாமல் போகலாம். எந்த பஸ் என்பதுதானே அங்கே கேள்வி? அதே டெல்லி ஆய்வுக்கூடம் ஆன்போர்டு என்று ஒன்று செய்திருக்கிறது. கையில் ஒரு சிறு கருவி, பஸ்ஸில் ஒரு கருவி. பொத்தானை அழுத்தினால் அருகில் நிற்கும் பஸ்களின் தட எண்ணைக் கைக்கருவி சொல்லும். நமக்கு வேண்டியதைத் தேர்ந்தால் அந்த பஸ்ஸின் வாசலிலிருந்தே ஒலிபெருக்கி கூப்பிடும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு போய் ஏறலாம். டெல்லியிலும் மும்பையிலும் பஸ்களில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். குரல் வாசலிலிருந்து வர வேண்டும் என்று யோசித்த ஆளுக்கு நான் ஒரு டீ வாங்கித் தருவேன். பஸ் எது என்று தெரிந்த பிறகும் வாசல் எங்கே என்று தடவிக்கொண்டு டயரிலும் டிக்கியிலும் கை வைத்த அனுபவம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. அது கோத்தகிரிக்கு வரும்வரை எங்களிடம் இருப்பது கண்டக்டரின் தொண்டை. “குன்னூர்... குன்னூர்... அரவேணு மேட்டுப்பாளையம்...” என்று வாசலில் தொங்கிக்கொண்டு கூவுகிறாரே, வடிவமைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இளம் கண்டக்டர்கள் இப்போதெல்லாம் கூவுவதில்லை, போர்டு இருக்கிறதே என்கிறார்கள்.

வாங்குவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் மத்திய அரசின் அடிப் திட்டத்தில் உதவி உபகரண முகாம் எப்போது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், அடையாள அட்டையும் வருமானச் சான்றும் கையில் இருக்கட்டும். நான் அந்த வரம்புக்குள் வரமாட்டேன், கோவையிலிருக்கும் தம்பி மூலம் காசு கொடுத்து வாங்கினேன். வாங்கும்போது உங்கள் தடியின் மேல் பகுதி எவ்வளவு தடிமன் என்று பார்த்துக்கொள்ளுங்கள், கைப்பிடி அதில் ஆடாமல் உட்கார வேண்டும். எங்கள் ரோட்டுக்கு நுனி சீக்கிரம் தேயும். இது எல்லாத் தடிக்கும் உள்ளதுதான். மருந்துக்கடையில் ஊன்றுகோலுக்கு விற்கும் ரப்பர் புஷ் அளவாகக் கிடைத்தால் அவசரத்துக்கு மாட்டலாம், ஆனால் சத்தம் மந்தமாகிவிடும். நைலான் நுனியின் டக் டக் சத்தத்தில்தான் சுவர் பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரிகிறது. ஆகவே நுனிகள் இரண்டு மூன்று சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி இல்லாமல் கருவியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பும் முகாம்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. பெயர் சொல்லப்போவதில்லை. மாலை போட்டு, போட்டோ எடுத்து, பெட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டிகளில் பல பீரோவுக்கு மேலே தூங்குகின்றன. மொபிலிட்டி, அதாவது தடி பிடித்து நடக்க, சொல்லிக்கொடுக்கும் ஆளைத் தேடி மலையிலிருந்து கோவைக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்தச் சிக்கல் குறைவு. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006ல் தொடங்கிய, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொண்டு, இரண்டு பேரிடம் போனில் கேட்டே நான் கற்றுக்கொண்டேன், இதையும் அதில்தான் தட்டுகிறேன். நடப்பதைப் போனில் கற்க முடியாது. யாராவது பின்னால் இரண்டடி தள்ளி நடந்துவர வேண்டும்.

எங்கள் லைனில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்பாவின் கூட்டாளி. கண்நீர் அழுத்தத்தில் பார்வை ஓரத்திலிருந்து குறுகிக்கொண்டே வருகிறது. என் தடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பாப்பா, அந்த நடுங்குற தடிய எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, காசு தந்துர்றேன்” என்றார்.

“வாங்கலாம் சித்தப்பா. மொதல்ல நடுங்காத தடிய எடுங்க” என்று என் பழைய தடியைக் கொடுத்தேன்.

சனிக்கிழமைகளில் பள்ளி மைதானத்தில் நடக்கிறோம். அவர் முன்னால், நான் பின்னால். டக், டக் என்று வர வேண்டிய சத்தம் இன்னும் விட்டு விட்டுத்தான் வருகிறது, தடியைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறார். தூக்காமல் மைதானத்தை ஒரு சுற்று முடிக்கட்டும், கைப்பிடிக்குத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.